நுணுக்குக்காட்டியில் ஒட்டிய பொட்டு

இராஜகுமாரி வேலைக்குச் சேர்ந்த வருடம், நுணுக்குக்காட்டியின் இடது கண்வில்லை வளையத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினாள். பன்னிரண்டு வருடமாக அது அங்கேயே இருந்தது.

பல்லேகலத் தொழிற்சாலையில் சின்னஞ்சிறு மின்பலகைகளைச் சோதிப்பது அவள் வேலை. சிப்பின் கால்கள் பலகையில் படிந்திருக்கின்றனவா, மயிரிழை தூக்கி நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இரண்டு கண்ணும் சேர்ந்து தெளிவாகப் பார்த்தால்தான் அந்த மேடுபள்ளம் தெரியும். முதலில் வலக்கண்ணால் மட்டும் பார்த்துப் பெரிய திருகைத் திருப்ப வேண்டும். பிறகு திருகைத் தொடாமல், இடக்கண்ணுக்காக அந்த வளையத்தைத் திருப்ப வேண்டும். தினமும் காலையில் செய்ய வேண்டிய காரியம். இவள் ஒரே ஒருநாள் செய்தாள், பொட்டை ஒட்டினாள், முடிந்தது கதை. மற்ற ஷிப்ட் பிள்ளைகள் வளையத்தைத் திருப்பியிருந்தால், பொட்டு மறுபடி தனக்கு நேரே வரும்படி திருப்பிவிட்டு உட்காருவாள்.

"எங் கண்ணு இந்தப் பொட்டுலதான் இருக்கு" என்பாள். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே நிரந்தரமான முதல் ஆள் என்ற பெருமை வேறு. சும்மா சொல்லக்கூடாது, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்த்தாள். ஆனால் நாற்பதைத் தாண்டிய கண் பொட்டுக்குக் கட்டுப்பட்டு நிற்குமா?

மடவளையிலிருந்து வரும் ஸுமைரா ஈயத்தால் பற்றவைத்த பலகைகள் நேரே இவள் மேசைக்கு வரும். ஸுமைராவுக்கு ஆறு மாத ஒப்பந்தம். அது முடிந்ததும் நிரந்தரமாக்குவார்கள், இல்லையென்றால் அனுப்பிவிடுவார்கள். இராஜகுமாரியோ அவள் பலகைகளை, கால் தூக்கி நிற்கிறது என்று கழிவுக்கான சிவப்புப் பெட்டியில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"கால் நல்லாப் படிஞ்சிதான் இரிக்கி அக்கா. ஒருக்கா அந்த வளையத்தத் திருப்பிப் பாருங்களே."

"எனக்கே பாக்கச் சொல்லித் தர்றியா? நீ வந்து ஆறு மாசம், நான் வந்து பன்னெண்டு வருசம்!"

ஒப்பந்தம் முடிந்ததும், கழிவுக் கணக்கைப் பார்த்து ஸுமைராவை அனுப்பிவிட்டார்கள். அவள் அழவில்லை. "வாறேன் அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த மாதம் கருவியைப் பழுதுபார்க்க வந்தவர், துடைக்கிற சாக்கில் பொட்டையும் உரித்து எறிந்துவிட்டார். இராஜகுமாரிக்கு மூக்குக்கு மேல் கோபம். முணுமுணுத்துக்கொண்டே முதலிலிருந்து தொடங்கினாள். வலக்கண்ணுக்குத் திருகு. இடக்கண்ணுக்கு வளையம். பழைய பசைத் தடம் தனக்கு நேரே வந்த பிறகும் வளையம் போய்க்கொண்டே இருந்தது. ஒரு விரற்கடை தள்ளி, அட கடவுளே, பலகை மேடும் பள்ளமுமாக எழுந்து நின்றது. எத்தனை வருடமாக இதைப் பார்க்காமல் இருந்திருக்கிறாள்!

பிழையான வேலைக்கு உதாரணமாகப் புதியவர்களுக்குக் காட்டவென்று, ஸுமைராவின் பலகை ஒன்றை மேசை லாச்சியில் வைத்திருந்தாள். அதை எடுத்து வைத்துப் பார்த்தாள். ஒரு கால்கூடத் தூக்கி நிற்கவில்லை. எல்லாமே அழகாகப் படிந்திருந்தன. பாவி, ஒரு பிள்ளையின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கைபேசியில் ஸுமைராவை அழைத்தாள். பொட்டு, வளையம், லாச்சிப் பலகை என்று எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள்.

"ஒன் வேல சுத்தம் ஸுமைரா. பிழையெல்லாம் என்னோடது. மன்னிச்சிரும்மா."



"இத அங்க ஒபிஸ்ல சொன்னீங்களா அக்கா?"

"இல்ல... மொதல்ல ஒங்கிட்ட சொல்லணும்னு..."

"எனக்குத் தெரிஞ்சதுதானே அக்கா. தெரியாதவங்களுக்குச் சொல்லுங்க."

பஸ் வந்து நின்றது. இராஜகுமாரி ஏறவில்லை. தொழிற்சாலை வாசலைப் பார்த்தபடி நின்றாள், உள்ளே போகவும் தைரியம் வரவில்லை.