ஏலமலை சரிந்தபின் என் ஜீப்பில் ஏறியவர்கள்

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் டிரைவருக்கு, முதலாளி முகத்தைவிட மழை மானத்து முகத்தைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கும். ஆள் ஏற்றிப் பிழைக்கிற அண்ணன்மாரே, உங்களுக்குத் தெரியாததா?

அந்தக் காலை

மூன்று நாள் அடைமழை விட்டதும், கம்பத்தில் பத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறினேன். தோட்டத்துக்கு முந்தின வளைவில் பாதையே இல்லை. இறங்கிப் பார்த்தால், காய் பறிக்கிற சரிவு முழுக்கச் செடியும் மரமுமாகப் பள்ளத்தில் கிடந்தது. ஆள் இல்லாத நேரத்தில் சரிந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. இருபது வருசமாக அங்கே பறித்த பேச்சியக்கா மட்டும் கையை நீட்டினார்.

“அந்தா, அங்கனதான் தம்பி போன வாரம் உக்காந்து கஞ்சி குடிச்சேன்.”

குனிந்த கழுத்து

புதுச்செடி வைத்தாலும் காய்க்க மூன்று வருசமாவது ஆகும். அதுவரை வயிறு காத்திருக்குமா? மலையடிவாரத்துக் கூடலூர்ப் பக்கம் விசாரித்து, பத்துப் பேரையும் ஒரு திராட்சைத் தோட்டத்தில் இறக்கிவிட்டேன். ஏலக்காய் செடியின் அடியில் காய்க்கும், குத்தவைத்துப் பறிக்கணும். திராட்சையோ தலைக்கு மேலே பந்தலில் தொங்கும். முதல் வாரம் ஜீப் முழுக்கத் தைல வாசனை. “என்னம்மா, கை மெதுவாப் போகுது?” என்றார் தோட்டக்காரர். பேச்சியக்கா குலை வெட்டுகிற கத்தரியைக் கீழே இறக்கவில்லை.

“இருவது வருசமாக் குனிஞ்ச கழுத்துய்யா, நிமிர நாலு நாளு ஆகும்ல.”

சூப்பர்வைசர்

ஒருநாள் ஸ்டாப்பில் மலைத்தோட்டத்துச் சூப்பர்வைசர் தூக்குவாளியோடு நின்றார். ஐந்து நிமிசம் பிந்தினால் பேர் போடாமல் திருப்பி அனுப்பிய மனுசன். காய்ச்சலோடு வந்த பேச்சியக்காவையே ஒருமுறை அப்படி அனுப்பியிருக்கிறார். தோட்டத்தோடு அவர் வேலையும் போய்விட்டது. “திராட்சைக்கு ஆள் எடுக்குறாகளாமே?” என்று என்னிடம் கேட்டார், பெண்கள் பக்கம் திரும்பாமல். நான் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன். பேச்சியக்காதான் நகர்ந்து இடம் விட்டார்.

“ஏறுங்க சார், கத்தரி பிடிக்க நான் சொல்லித் தாரேன்.”

மறுபடி அழைப்பு

அடுத்த வருசம் மலைத்தோட்டத்து முதலாளி போன் போட்டார். நாற்று நட ஆள் வேணுமாம். நாலு பேர் சம்மதித்தார்கள், சூப்பர்வைசரும் போனார். பேச்சியக்கா வரவில்லை. “கை தேர்ந்த வேலையாச்சே அக்கா?” என்றேன்.

“மழைச் சத்தம் கேட்டா இன்னமும் எந்திரிச்சு உக்காந்துக்கிறேன் தம்பி, நான் கீழயே இருந்துக்கிறேன்.”

மலையேறியே பழகிய என் ஜீப்புதான் கூடலூர் சமதள ரோட்டிலும் ரெண்டாவது கியரில் முக்குகிறது. அதற்கு மட்டும் வேலை மாறிய சேதியை யாரும் சொல்லவில்லை போல.