என் முட்டைக்கோஸும் சாந்தியின் வெள்ளாடும்

போன செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு வெள்ளாடு என் முகத்துக்கு நேராக ஏப்பம் விட்டது.

ஆடு ஏப்பம் விடுமா என்று கேட்காதீர்கள். விடும். வயிறு முட்ட முட்டைக்கோஸ் தின்றிருந்தால் நன்றாகவே விடும். அந்த முட்டைக்கோஸ் என்னுடையது என்பதுதான் இந்த வாரத்து வயிற்றெரிச்சல்.

கணவருக்கு மாற்றலாகி நாங்கள் ஜவ்வாது மலைக்கு வந்த கதை தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி: புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூர். பெயரைச் சொல்லமாட்டேன், அப்புறம் மலை ஏறும் ஜீப்பில் எனக்கு இடம் தரமாட்டார்கள். கணவர் அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நான்? இத்தனை வருடம் பத்திரிகையில் எழுதி என்ன பிரயோஜனம்... அந்த ஊரில் என் பெயர் 'சார் வூட்டம்மா'.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பஞ்சாயத்துக் கிணறு. அதை ஒட்டி ஊருக்குப் பொதுவாக ஒரு காய்கறித் தோட்டம். சுற்றிலும் முள்வேலி, உள்ளே போக ஒரு மூங்கில் படல், வீட்டுக்கு ஒரு பாத்தி. கிணறு பொது, எரு பொது, மண்வெட்டி பொது, அரட்டை பொது. பாத்தியில் விளைவது மட்டும் அவரவருக்கு. இந்த வருடம்தான் எனக்கும் ஒரு பாத்தி கிடைத்தது.

ஆடியில் எல்லோருமாகச் சேர்ந்து கொத்தினோம். ஐப்பசி மழையில் வரப்பு கரைந்து ஓட, குடையைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லோருமாகச் சேர்ந்து கட்டினோம். சாமை அறுப்பு வந்ததும் ஊரே நிலத்துக்குப் போய்விட்டது. அப்போது எல்லாப் பாத்திக்கும் தண்ணீர் ஊற்றியது யார்? இந்த சார் வூட்டம்மாதான். மார்கழிக் குளிரில் காதில் மப்ளர் கட்டிக்கொண்டு இலை இலையாகப் புழு பொறுக்கியது யார்? மறுபடியும் நானேதான்.

பெருமைக்குச் சொல்லவில்லை. மலைக்கு வந்த புதிதில் எனக்குப் பேச ஆளே கிடையாது. கணவர் பள்ளிக்குப் போய்விட்டால் நானும் லேப்டாப்பும் மட்டும்தான். டவர் போய்விட்டால் லேப்டாப்பும் இல்லை. அந்தத் தோட்டத்துக்குள் கால் வைத்த பிறகுதான் "வாங்கம்மா, இன்னா கொயம்பு இன்னிக்கு?" என்று கேட்க நாலு பேர் கிடைத்தார்கள். அந்தப் பாத்தி போனால் நான் மறுபடியும் தனி ஆள்தான். அதனால் அதை நான் விடுவதாக இல்லை.

எல்லோரும் அவரை, கத்திரி, மிளகாய், தக்காளி போட்டார்கள். நான் முட்டைக்கோஸ் போட்டேன். தோட்டத்தின் தலைவி பச்சையம்மாக்கா வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். "எலையத் துன்றதுக்கா இம்மாம் பாடு?" என்று சிரித்தார். முதலில் நட்டதைப் புழு தின்றது. அடுத்து நட்டது மழையில் அழுகியது. மூன்றாவது முறை... அடடா! தை முடியும்போது ஒவ்வொன்றும் இறுகித் திரண்டு, பார்க்கவே கண் நிறைந்தது. போட்டோ எடுத்து அக்கா தங்கைகளுக்கெல்லாம் அனுப்பினேன்.

அந்த நேரம் பார்த்து செங்கத்தில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். ஒரு வாரம் இருந்தே ஆகவேண்டும். இன்னும் கொஞ்சம் இறுகட்டும், வந்து பறித்துக்கொள்ளலாம் என்று முட்டைக்கோஸை அப்படியே விட்டேன். கிளம்புகிற அன்று காலை, பக்கத்துப் பாத்தி சாந்தி வழியில் நிறுத்தி, "கோசு பறிக்கலீங்களாம்மா?" என்று கேட்டாள். ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு ஓடினேன். சாந்தி என்னை ஒரு மாதிரி வியப்பாகப் பார்த்தாள். புதுப் புடவையைப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமைதான் திரும்பி வந்தேன். ஜீப் ஓட்டும் கோவிந்தன் மலைப்பாதை வளைவில் கியரை மாற்றிக்கொண்டே, "தோட்டம் தொறந்தாச்சும்மா!" என்றார், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல. தோட்டம் எப்போது மூடியிருந்தது? இந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று நினைத்துக்கொண்டு நானும் சிரித்து வைத்தேன்.

இறங்கியதும் பெட்டியைக்கூட வீட்டில் வைக்கவில்லை. நேரே தோட்டம். படல் அகலமாகத் திறந்து கிடந்தது. உள்ளே ஆடுகள்! ஓரமாக இரண்டு மாடுகள்! என் பாத்தியில் முட்டைக்கோஸ் இருந்த இடத்தில் வரிசையாகக் குச்சி குச்சியாக அடித்தண்டுகள். நடுவில் ஒரு வெள்ளாடு சாவகாசமாக அசைபோட்டபடி என்னை நிமிர்ந்து பார்த்தது. அப்போதுதான் அந்த ஏப்பம்.

"சாந்தி! ஆடு! உள்ள ஆடு!" என்று கத்தினேன்.

கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த சாந்தி நிதானமாக எழுந்து வந்தாள். "ஆமாம்மா. நம்ம ஆடுதான்" என்றாள், பெருமையாக.

"படலை யாரு திறந்தது?"

"எல்லாருந்தான்."

வேலியே பயிரை மேய்ந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே வேலி போட்டவர்களே கூடி நின்று திறந்துவிட்டிருக்கிறார்கள்!

சாந்தி எனக்கு விளக்கினாள். "அறுப்பு முடிஞ்சா நெலத்துல ஆடு மாடு வுடறதுதானேம்மா? அப்பால மழ வர்ற வரிக்கும் யார் நெலத்துல யார் ஆடு வேணா மேயும். யாரும் கேக்கக் கூடாது. கெணத்துலயும் தண்ணி எறங்கிப் போச்சு."

"அது நிலத்துக்கு. இது தோட்டம் இல்லையா?"

"தோட்டம் இன்னா ஆகாசத்துலயா கீது?"

நான் விடவில்லை. "சரி, உங்க கத்திரிக்காயெல்லாம்?"

"அதெல்லாம் நேத்தே பறிச்சுக்கினோமே!"

"எல்லாரும் பறிச்சீங்க. எங்கிட்ட ஏன் ஒருத்தரும் சொல்லலை?"

"இத இன்னான்னு சொல்றது?" என்று சாந்தி என்னை அதிசயமாகப் பார்த்தாள். "வருசா வருசம் நடக்கறதுதானே?"

தோட்டத்துக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது, தெரியுமா? தினமும் காலையில் ரோஜாப்பூவோடு 'இனிய காலை வணக்கம்' வரும். வெள்ளிக்கிழமை அம்மன் படம் வரும். வெங்காயத்தோலை வேகவைத்துக் குடித்தால் சர்க்கரை போய்விடும் என்றுகூட வந்தது. 'நாளை படலைத் திறக்கிறோம்' என்று ஒரு வரி? ம்ஹூம்.

யோசித்துப் பார்த்தால் ஊர் உலகமே இப்படித்தான். எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. புகுந்த வீட்டில் எந்தத் தம்ளர் மாமனாருடையது என்று யாராவது முன்கூட்டியே சொல்கிறார்களா? அதில் நாம் காபி குடித்த பிறகுதான் வீடே அமைதியாகும். புது ஆபீஸில் எந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்பதும் உட்கார்ந்த பிறகுதான் தெரியும்.

ஆனாலும் எனக்கு ஆறவில்லை. "சரி சாந்தி, உன்னுதைப் பறிக்கும்போது என் கோஸையும் பறிச்சு உன் வீட்டுல வச்சிருக்கலாமே?"

சாந்தி காதைப் பொத்தாத குறை. "அய்யய்யோ! உங்க பாத்தில நானு எப்டிம்மா கை வக்கறது?"

பார்த்தீர்களா நியாயத்தை? மனுஷர்கள் கை வைக்கக் கூடாது. ஆடு வாய் வைக்கலாம்!

"போனது போவட்டும்மா" என்று சாந்தி ஆறுதலாக ஆரம்பித்து, அடுத்த குண்டைத் தூக்கிப் போட்டாள். "நாளிக்கு தோட்டத்துச் சோறு. வந்துடுங்க. எல்லார் பாத்திக் காயும் ஒரே அண்டாவுல போட்டு ஆக்கறது. அப்பால அடுத்த வருசத்துக்குப் பாத்தி பிரிச்சு வுடுவாங்க."

"காய் போடாத வீட்டுக்கு?"

"அவங்களுக்குப் பாத்தி வேணான்னு அர்த்தம். போன வருசம் கீய்த்தெரு வூடு ஒண்ணு போடல. இந்த வருசம் அவங்களுக்கு இல்ல."

முட்டைக்கோஸ் போனால் போகிறது, பாத்தியுமா போகவேண்டும்? வீட்டுக்கு வந்து கணவரிடம் புலம்பினேன். அவர் விடைத்தாளில் இருந்து தலையை நிமிர்த்தாமல், "கடையில உருளைக்கிழங்கு வாங்கிப் போடேன்" என்றார்.

"பாத்தியில விளைஞ்சதைத்தான் போடணுமாம்."

"உருளைக்கிழங்கும் ஏதோ ஒரு பாத்தியில விளைஞ்சதுதானே?"

இவரிடம்தான் பிள்ளைகள் கணக்குப் படிக்கிறார்கள்.

மறுநாள் காலையில் போய் என் பாத்தியைக் கிளறிப் பார்த்தேன். ஓரத்தில் கொஞ்சம் கொத்தமல்லி விதைத்திருந்தேனே... அதுவும் இல்லை. ஆட்டுப் புழுக்கைதான் கிடந்தது. அதை அண்டாவில் போட முடியாது.

பலா மரத்தடியில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். ஒவ்வொரு வீடாகக் கூடையோடு வந்தார்கள். பச்சையம்மாக்கா வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட, அவரவர் காயைக் கொட்டினார்கள். கத்திரி, அவரை, தக்காளி, பச்சை மிளகாய். நான் வெறும் கையோடு ஓரமாக நின்றேன். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

"சார் வூட்டம்மா!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "அக்கா... எங்கிட்ட ஒண்ணும்..." என்று ஆரம்பித்தேன்.

"அவங்கதான் நேத்தே குடுத்துட்டாங்களே!" என்று கூட்டத்துக்குள்ளிருந்து சாந்தியின் குரல். "நாமல்லாம் பிஞ்சு மொளகா வரிக்கும் வய்ச்சுத் தொடச்சு எடுத்துக்கினு வந்துட்டோம். அவங்க பாத்தி முய்க்க கோசு. ஊருக்குப் போவசொல்ல நானே கேட்டேன், பறிக்கலீங்களான்னு. வாணான்னு தலையாட்டிட்டு போய்ட்டாங்க. அத்தினியும் வாயில்லாத ஜீவனுக்கு வுட்டுட்டாங்க!"

பச்சையம்மாக்கா கரண்டியைக் கீழே வைத்தார். என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி ஒரு பிடி பிடித்தார் பாருங்கள்! "கேட்டீங்களா? நேத்து மலை ஏறி வந்த பொம்பள. ஆட்டுக்குன்னு ஒரு பாத்தி வுட்டுக்கீது. நீங்க? ஒரு வாடின கத்திரிக்கா வுட்டீங்களா? ஓரத்துல ஒரு வரிச வுடணுன்னு தெரியாது? அவ்ளோ கைக்கஞ்சம்!"

கூட்டம் தலையைக் குனிந்துகொண்டது. ஒருவர் மட்டும் என்னை முறைத்தார். அவர் பாத்தியில் வேரைக்கூட விட்டு வைத்திருக்கமாட்டார் போலிருக்கிறது.

எனக்குத் தாங்கவில்லை. செய்யாத தர்மத்துக்கு மாலை வாங்குவதா? "இல்லக்கா! எனக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்சிருந்தா ஒரு இலைகூட விட்டிருக்கமாட்டேன். நேத்து அந்த ஆட்டைக் கொன்னுபோடலாம்னு வந்துச்சு எனக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"பாரு, குடுத்தத சொல்லிக்கக் கூடாதுன்னு எப்டி பேசுது!" என்றார் பச்சையம்மாக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"சத்தியமா அக்கா!"

"சரி சரி. வுடும்மா."

இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல என் அடக்கம்தான் வளர்ந்துகொண்டே போனது. வாரா வாரம் நான் எழுதுவதையெல்லாம் நீங்கள் அப்படியே நம்புகிறீர்கள். இந்த ஊரில் வாய் திறந்து ஒரே ஒரு உண்மை சொன்னேன், ஒருவர்கூட நம்பவில்லை. கணவரோ பலா மரத்தில் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

சோறும் குழம்பும் முதலில் என் இலையில்தான் விழுந்தன. அத்தனை வீட்டுக் காயும் சேர்ந்த குழம்பு. ருசியைக் கேட்காதீர்கள், கோபத்தோடுகூட இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

பிறகு பாத்தி பிரித்தார்கள். "சார் வூட்டம்மாவுக்கு மொதப் பாத்தி!" என்று பச்சையம்மாக்கா சத்தமாகச் சொன்னார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பாத்தி இருக்கிறது! எனக்கு ஒரு வருடத்துக்கு ஊர் இருக்கிறது! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்பதையும் மறைக்கப் போவதில்லை.

"முதல் பாத்தி எது அக்கா?" என்று கேட்டேன்.

காட்டினார். படலைத் திறந்து கால் வைத்ததும் வலது கைப்பக்கம். ஆடு உள்ளே நுழைந்தால் முதல் வாய் வைக்கிற இடம்.

"அடுத்த வருசமும் கோசே போடுங்கம்மா" என்றாள் சாந்தி, என் கையைப் பிடித்துக்கொண்டு. "ஆடுங்களுக்கு ரொம்பப் புடிச்சிப் போச்சு."

இத்தனை பேர் புகழ்ந்த பிறகு எந்த முகத்தோடு போய் நான் அதைப் பறிப்பேன்? பாத்தி கிடைத்துவிட்டது... அதில் ஒரு இலையாவது எனக்குக் கிடைக்குமா என்பதைச் சாந்தியின் ஆட்டைத்தான் கேட்க வேண்டும்.