தண்ணி வருமா?

அவள் சொன்னாள். என் முகத்தைப் பார்த்து, தெளிவாக, எனக்குப் புரியும்படி சொன்னாள். சொல்லவே இல்லை என்று நான் பொய் சொன்னேன்.

இதுதான் என் குற்றம். முப்பது வருடங்களாக இதை ஒருவரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. மாதம் தவறாமல் மாதா கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவள்தான் நான். மாணவியை அநியாயமாக அடித்தேன், பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் புறம் பேசினேன் என்றெல்லாம் சாமியாரின் காதில் ஓதியிருக்கிறேன். இதை மட்டும் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுவேன். இன்று உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரோ எவரோ. அந்தத் தைரியம்தான்!

நான் கள்ளக்குறிச்சியில் பள்ளிக்கூட ஆசிரியை. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், காற்று வருமா, வெளிச்சம் வருமா என்று யாரும் கேட்க மாட்டோம். ஒரே கேள்விதான். "தண்ணி வருமா?" வீட்டுக்காரரும் ஒரே பதிலைத்தான் சொல்வார். "வரும். ஒருநாள் வுட்டு ஒருநாள். மத்தியானத்துக்கு மேல வரும்."

மத்தியானத்துக்கு மேல்... அந்த நேரத்தில் குழாய் முதலில் இருமும். பிறகு காற்று சீறும். அந்தச் சத்தம் கேட்டதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்து, வரிசையில் நின்று, சண்டை போட்டு, இரண்டு குடம் பிடித்தால் அன்று நான் மகாராணி. அப்படி வாழ்ந்தவள் நான். இதைச் சொல்லி என் குற்றத்தைக் குறைக்கப் பார்க்கிறேனோ? இருக்கலாம். நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

காலாண்டுத் தேர்வு விடுமுறையில் கல்வராயன் மலைக்குப் போய் மூன்று நாள் தங்கலாம் என்று என் கணவர் சூசை சொன்னார். ஒரு அலுவலகத்தில் எழுத்தர் அவர். எதையும் நான்கு முறை யோசித்துச் செய்கிற மனிதர். அப்போது மகள் ஜெசிக்கு நான்கு வயது. மகன் ராபினுக்கு இரண்டு. கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போகும் பேருந்தில், மடியில் ஒன்றும் தோளில் ஒன்றுமாகப் போய் இறங்கினோம்.

தங்குவதற்கு இரண்டு இடங்கள் கேள்விப்பட்டிருந்தோம். மேட்டின் மேல் கன்னியர் இல்லத்து விருந்தினர் அறை ஒன்று. இரும்புக் கட்டில், தடித்த சுவர், குளிக்க முற்றத்தைத் தாண்டிப் போக வேண்டும், தண்ணீர் கிணற்றிலிருந்து இறைத்துச் சுமக்க வேண்டும். இன்னொன்று, கீழே ஓடைக்கரையில் ஒரு தோட்ட முதலாளியின் வீடு. ஓடு வேய்ந்த சிறிய வீடு. பின்வாசலில் இறங்கி எட்டடி வைத்தால் ஓடை.

"நீயே பாத்து சொல்லு. புள்ளைங்கள வச்சிக்கினு சமாளிக்கப்போறது நீதான்," என்றார் கணவர்.

தேர்ந்தெடுத்தது நான். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓடைக்கரை வீட்டைப் பார்த்துக்கொண்டவள் பொன்னம்மா. மலைக்காரப் பெண். என் வயதுதான் இருக்கும். அவள் கதவைத் திறந்ததும் வாய் தானாகவே அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டது. "தண்ணி வருமா?"

"வருங்கம்மா. மத்தியானத்துக்கு மேல வரும்."

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! இந்தக் காட்டுக்குள் குழாய்கூட இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். கணவரைத் திரும்பிப் பார்த்து, "இங்கயே இருந்துக்கலாம்," என்றேன். அவர் பைகளை இறக்கி வைத்துவிட்டு, ராபினைத் தூக்கிக்கொண்டு பால் வாங்கக் கடைக்குப் போனார்.

இதுவரை நடந்தது அறியாமை. இதற்கு யாரும் என்னைத் தண்டிக்க முடியாது. இனிமேல்தான்...

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். குழாயைக் காணோம். "கொழா எங்க?" என்று கேட்டேன். பொன்னம்மா என்னை வினோதமாகப் பார்த்தாள்.

"கொழாயா? நான் ஓடையச் சொன்னங்கம்மா. காலைல கணுக்காலுக்குத்தான் இருக்கும். மத்தியானத்துக்கு மேல மலை உச்சியில மழ பேஞ்சிச்சின்னா, இங்க வெயிலு அடிச்சிக்கினு இருக்கறப்பவே வந்துரும். தண்ணி செவந்து வந்திச்சின்னா ஒண்ணும் பாக்காதீங்க. புள்ளைங்களத் தூக்கிக்கினு மேல ஏறிடுங்க."

போகும்போது வாசலில் நின்று மறுபடியும் சொன்னாள். "அய்யா கைலயும் சொல்லிடுங்கம்மா."

அய்யாவிடம் நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் அவர் அந்தக் கணமே பைகளைத் தூக்கியிருப்பார். மேட்டு அறைக்குப் போயிருப்போம். நான் மறுபடியும் குடம் சுமந்திருப்பேன். மூன்றே மூன்று நாள், வரிசையில் நிற்காமல், யாரோடும் சண்டை போடாமல், ஓடுகிற தண்ணீரில் கை வைத்துக்கொண்டு இருக்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்! அதற்காக, பெற்ற பிள்ளைகளை அந்தக் கரையில் வைத்துக்கொண்டேன். என்னைப் போல ஒருத்தி இதைச் செய்தாள் என்று இன்றும் என்னாலேயே நம்ப முடியவில்லை.

மறுநாள் மதியம் சாப்பிட்ட பிறகு கணவரும் ராபினும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். நல்ல வெயில். நான் கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ஜெசி பத்தடி தள்ளி, கணுக்கால் தண்ணீரில் உட்கார்ந்து கூழாங்கற்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். சிவப்புக் கவுன் போட்டிருந்தாள்.

இப்போது சொல்லப்போவதுதான் எல்லாவற்றையும்விட மோசமானது. 

தண்ணீர் நிறம் மாறியதை நான் பார்த்தேன்.

என் வெள்ளைச் சேலையை அலசும்போது அதில் செம்மண் நிறம் ஏறியது. பார்த்தேன். பொன்னம்மா சொன்னதும் நினைவுக்கு வந்தது. ஆனால் சேலையில் சோப்பு இருந்தது. இன்னும் ஒரே ஒரு அலசல், பிழிந்துவிட்டுப் பிள்ளையைக் கூப்பிடலாம் என்று குனிந்தேன். ஒரு அலசல்! எவ்வளவு நேரம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு 'அருள்நிறைந்த மரியே' ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம்கூட இல்லை.

முதலில் ஒரு சீறல் கேட்டது. குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று சீறுமே, அதே சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். ஜெசி உட்கார்ந்திருந்த இடத்தில் ஜெசி இல்லை. செந்தண்ணீர் என் இடுப்பை அடித்தது. நான் கல்லைக் கட்டிக்கொண்டேன். பிள்ளையைத் தேடிப் பாயவில்லை... கல்லைக் கட்டிக்கொண்டு கத்தினேன்.

மேலேயிருந்து ஓடி வந்தவள் பொன்னம்மா. சரிவில் உருண்டுதான் வந்தாள் என்று சொல்ல வேண்டும். கீழே இரண்டு பாறைகளுக்கு நடுவில் பாய்ந்து, சிவப்புக் கவுனை எட்டிப் பிடித்தாள். தண்ணீர் அவளைப் பாறையோடு அறைந்தது. மணிக்கட்டு முறிந்தும் கவுனை விடவில்லை அவள். இன்னொரு கையால் வேரைப் பற்றி, என் பிள்ளையைக் கரையில் தள்ளிவிட்டுத்தான் கத்தினாள்.

ஜெசி பிழைத்தாள். மோவாயில் ஒரு தழும்போடு பிழைத்தாள். மாதாவே!

சத்தம் கேட்டு ஓடி வந்த கணவர் பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்தார். "இப்பிடித் தண்ணி வரும்னு அவ உன் கைல எதனா சொன்னாளா?" என்று கேட்டார்.

அந்த முகத்தைப் பார்த்து எப்படி ஆமாம் என்பேன்? "இல்ல," என்றேன்.

அது சின்ன 'இல்லை'தான். அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னது. பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் ஒரு மணி நேரத்தில் தோட்ட முதலாளி வந்துவிட்டார். ஊர்க்காரர்களும் கூடிவிட்டார்கள். ஒடிந்த கையை முந்தானையில் தாங்கிக்கொண்டு நின்றவளைப் பார்த்து முதலாளி இரைந்தார். "இன்னாடி நெனச்சிக்கினு இருக்க? வந்தவங்க கைல சொல்ல மாட்டியா நீ?"

"சொன்னங்கய்யா. டீச்சரம்மா கைல ரெண்டு வாட்டி சொன்னேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "சொன்னாளாங்க டீச்சர்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் கணவர் பார்த்தார். பொன்னம்மாவும் பார்த்தாள். அவள் பார்வையில் பயமே இல்லை. நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்! அவள் காப்பாற்றிய பிள்ளையின் தாய் அல்லவா நான்?

"ஒரு வார்த்தை சொல்லலீங்க," என்றேன்.

டீச்சர் சொல்லை யார் மறுப்பார்கள்? அன்றே அவளை வேலையை விட்டு நிறுத்தினார் முதலாளி. அவள் ஒரு நிமிடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கையைத் தாங்கிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனாள்.

அதன் பிறகு ஒரே ஒரு முறை அவளைப் பார்த்தேன். ஏழெட்டு வருடம் கழித்து, கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்து வாசலில் சீத்தாப்பழம் விற்றுக்கொண்டிருந்தாள். வலது மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு தாண்டினேன்.

"டீச்சரம்மா!" என்று அவளே கூப்பிட்டாள். "பாப்பா நல்லா இருக்குதுங்களா?"

திட்டியிருக்கலாம். நாலு பேர் முன்னால் மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! அவள் பெரிய பழமாக ஒன்றைப் பொறுக்கி, அந்தக் கோணல் கையால் நீட்டினாள். "பாப்பாவுக்குக் குடுங்க." நான் வாங்கவில்லை. கண்ணெதிரே புறப்பட்ட பேருந்தில் ஏறிவிட்டேன். அது எங்கே போகிறது என்று தியாகதுருகத்தில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

என் வீட்டில் அந்தப் பொய்தான் வளர்ந்தது. ஜெசி மோவாயைத் தடவிக்கொண்டு, "தண்ணி வரும்னு அந்த மலைக்காரப் பொம்பள சொல்லவே இல்லியாம்," என்று தோழிகளிடம் கதை சொல்லுவாள். அவளைத் தூக்கிக் கரையேற்றியதும் அதே பெண்தான் என்பது கதையில் மெல்ல மெல்ல உதிர்ந்துபோயிற்று. நான் உதிர விட்டேன். கணவரும் அதே கதையை நம்பிக்கொண்டுதான் கண்ணை மூடினார்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்று கேட்கிறீர்களா? பயம். வெறும் பயம்.

ஜெசி இப்போது ஜெர்மனியில் இருக்கிறாள். அவளுக்கும் இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு நான்கு வயது, சின்னவனுக்கு இரண்டு. அதே நான்கு, அதே இரண்டு! இன்று காலை என் கைபேசிக்கு இரண்டு படங்கள் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள்.

"கிரீஸ்ல ஒரு தீவுக்கு லீவுக்குப் போறோம்மா. ரெண்டு வூடு பாத்து வச்சிருக்கேன். ஒண்ணு மேட்டு மேல. இன்னொண்ணு கடலுக்குப் பக்கத்துலயே, கதவத் தொறந்தா நாலு படி, அப்புறம் தண்ணிதான். எதை எடுக்கலாம்? நீ சொல்லு."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளைச் சுவர், நீலக் கதவு, நான்கு படி. கீழே தண்ணீர் பளபளத்துக்கொண்டிருந்தது.

"மேட்டு வூட்டையே எடு," என்றேன்.

"ஏன்மா? கீழ் வூட்டுக்கார அம்மா ரொம்ப நல்ல மாதிரி. எல்லாத்தையும் எழுதி அனுப்பிட்டாங்க. மத்தியானத்துக்கு மேல காத்து ஜாஸ்தியாம், அலை படி வரைக்கும் வருமாம், சின்னப் புள்ளைங்கன்னா பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டாங்க. அந்த மலைக்காரப் பொம்பள மாதிரியா? அதான் சொல்லிட்டாங்களே, அப்புறம் இன்னா பயம்?"

சொல்லிவிட்டார்களாம். சொல்லிவிட்டால் போதுமாம்! எனக்கும்தானே ஒருத்தி சொன்னாள்... சொல்லக் கேட்ட பிறகும், பார்த்த பிறகும், ஒரு அலசலுக்காகக் குனிந்தவள் உன் தாய் என்று இவளுக்கு எப்படித் தெரியும்?

இதுதான் நேரம் என்று என் மனம் அடித்துக்கொண்டது. 'அவள் சொன்னாள் ஜெசி, நான்தான்...' என்று தொடங்கினால் போதும். வாயைத் திறந்தேன். உங்கள் மேல் ஆணையாகத் திறந்தேன்!

"நேத்து ஒரு கெட்ட கனவு கண்டேன்," என்றேன். "புள்ளைங்க ரெண்டும் தண்ணியில போற மாதிரி... வேணாண்டி. அம்மாவுக்காக மேல போயிடு."

எந்தக் கனவும் இல்லை. பொய்யை மூடிக் காக்க இன்னொரு பொய்.

"சரிம்மா," என்றாள் ஜெசி. "மேட்டு வூட்டையே எடுத்துடறேன். நல்ல வேளை... நீயாச்சும் சொன்னியேம்மா."

அழைப்பை முடித்துவிட்டாள்.

பேரப்பிள்ளைகள் மேட்டில் தங்குவார்கள். அதற்குச் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் அடுத்த விடுமுறைக்கு என்ன கனவைச் சொல்வேன்? நான் இல்லாத காலத்தில், யாராவது எச்சரித்ததைக் கேட்டுவிட்டு, அதுவே போதும் என்று என் மகள் தண்ணீர்ப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டால்?

சமையலறையில் குழாய் இருமுகிறது. மத்தியானத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது காற்று சீறுகிறது... நான் எழுந்து போகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.