அம்மன் ஏறிய மோட்டார்

மாரியம்மன் தேருக்கென்று சேர்த்த காசில் நான் மோட்டார் வண்டி வாங்கினேன். இதோ, உங்களிடம் சொல்லிவிட்டேன்!

இலங்கையில் ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலியாட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி நான். அவர்கள் குடியிருக்கும் லயங்களில் உலை வைக்குமுன் ஒவ்வொரு பெண்ணும் ஒரு பிடி அரிசியை அம்மனுக்கென்று தனிப் பானையில் போடுவாள். சேர்ந்ததை விற்று, காசை என்னிடம் ஒப்படைப்பார்கள். அம்மனுக்கு ஒரு தேர் வேண்டும் என்பது அவர்கள் ஆசை.

சீமையில் பெரிய சண்டை மூண்டு, அரிசி விலை ஏறியது, துணி விலை ஏறியது. நாட்கூலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. பிள்ளைகளுக்கு வெறும் கஞ்சித் தண்ணீர் ஊற்றிய வீடுகளிலும் அந்த ஒரு பிடி தவறவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கை வைத்தேன்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை மோட்டாரில் போவதைப் பார்த்த நாள் முதல் எனக்கும் அந்தப் பித்து. என் சொந்தச் சேமிப்பையெல்லாம் கொழும்பில் முன்பணமாகக் கட்டினேன். வண்டி கப்பலில் வந்து இறங்குவதற்குள் அதன் விலையும் ஏறிவிட்டது! மீதியைக் கட்டாவிட்டால் வண்டி வேறொருவனுக்குப் போய்விடும். அந்த மீதிக்குத்தான் தேர்க்காசை எடுத்தேன்.

திருப்பி வைத்துவிடலாம் என்றுதானே நினைத்தேன்? பெட்ரோல் என் வருமானத்தைத் தின்றது. ஒரு டயர் விலைக்கு ஒரு பெண் மாதக்கணக்கில் கொழுந்து பறிக்க வேண்டும்... எங்கிருந்து திருப்புவது?

திருவிழா நெருங்கியது. காலைப் பெரட்டில், வேலைக்கு வந்து நின்ற ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். கொழுந்து பறிக்கும் ராமாயி அருகே வந்தாள்.

"தேர் வேலை எப்பங்கய்யா தொடங்கும்?"

எண்ணிக்கை தவறிவிட்டது.

"நல்ல மரம் கெடைக்கல தாயி. இந்த வருசம் ஆத்தா என் மோட்டார்ல வரட்டுமே!"

அதைக் கேட்டு லயத்து ஆட்களுக்கு வந்த மகிழ்ச்சியைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! வண்டிக்கு மஞ்சளும் குங்குமமும் பூசினார்கள். பின்னிருக்கையில் அம்மனை வைத்துக் கட்டினார்கள். நான் ஓட்டினேன். திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

கோயில் மேட்டில் வண்டி நின்றுபோயிற்று. முன்னால் கம்பியைச் செருகி எத்தனை முறை சுழற்றியும் உயிர் வரவில்லை. அப்போது ராமாயிக்குச் சாமி வந்தது. தலைவிரிகோலமாக ஆடிக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள். என்னையே உற்றுப் பார்த்தாள். சொல்லப் போகிறாள்... ஊரறியச் சொல்லப் போகிறாள்!

"கயித்தக் கட்டி இழுங்கடா!" என்று கத்தினாள்.

இழுத்தார்கள். அரிசி கொடுத்தவர்கள் எல்லாரும் இழுத்தார்கள். நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

விழா முடிந்ததும் ராமாயி மடி முடிச்சை அவிழ்த்தாள். அந்த ஆண்டுப் பிடியரிசிக் காசு.

"தேரு எதுக்குங்கய்யா இனிமே? ஆத்தாவுக்கு இந்த மோட்டாரே போதும். இதுக்கும் செலவு இருக்குமில்லீங்க, வச்சுக்குங்க."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்... பின்சக்கரத்து டயர் தேய்ந்திருந்தது. வாங்கிக்கொண்டேன்.

ஓராண்டு ஓடிவிட்டது; நாளை மறுபடியும் திருவிழா. ராமாயிக்குச் சாமி வரும். நான் வண்டிக்குள்தான் இருப்பேன்.