மாமாவின் அடி குறைந்த வருஷம்

சுரங்கக் கூலிகளின் வீட்டு வரிசையான எங்கள் லைனில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பந்தை அடிக்கிறவர் என் மாமா ஒருவர்தான். மற்றவர்கள் மட்டையை வீசுவார்கள். பந்து அவர்கள்மேல் இரக்கப்பட்டு வந்து பட்டால் உண்டு. மாமா அடித்தால் அது மூங்கில் தட்டி வீடுகளின் கூரையைத் தாண்டி எங்கேயோ போய் விழும். யார் வீட்டுக் கஞ்சிச் சட்டியில் விழுந்தாலும் அந்த வீட்டுக்காரி திட்டமாட்டாள். முந்தானையில் துடைத்து, சிரித்துக்கொண்டே கொண்டுவந்து கொடுப்பாள்.

மாமா என் அம்மாவின் தம்பி. தங்கச் சுரங்கத்தில் வேலை கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு அப்பாவும் அம்மாவும் வடாற்காட்டிலிருந்து புறப்பட்டபோது கூடவே வந்தவர். அவரும் அப்பாவும் சுரங்கத்தில் ஜோடி. வெடி வைப்பதற்குப் பாறையில் துளை போடுவது அவர்கள் வேலை. அப்பா குந்தி உட்கார்ந்து இரும்புக் கம்பியைப் பாறையில் வைத்துப் பிடிப்பார். அடிக்கு அடி அதைக் கொஞ்சம் திருப்புவார். மாமா மெழுகுவத்தி வெளிச்சத்தில் கம்பியின் தலையில் சம்மட்டியால் அடிப்பார். அப்பாவின் கைவிரல் அத்தனையும் ஒழுங்காக வீடு வந்து சேர்ந்ததுதான் மாமாவின் கெட்டிக்காரத்தனத்துக்குச் சாட்சி. கம்பித் தலையை அந்த இருட்டிலேயே தவறவிடாதவருக்குப் பட்டப்பகலில் ஒரு பந்து எம்மாத்திரம்.

வெள்ளைக்காரர்கள் ஆடிக் கழித்துப்போட்ட மட்டை ஒன்று எப்படியோ எங்கள் லைனுக்கு வந்து சேர்ந்திருந்தது. விக்கெட்டுக்கு மண்ணெண்ணெய் டின். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள் போய்விட்டு வந்தபிறகு, போகாதவர்கள் தூங்கி எழுந்தபிறகு, ஆட்டம் தொடங்கும்.

அப்படி இருக்கும்போதுதான் சுரங்கத்துக்குத் துளை போடும் மெஷின் வந்தது. குழாயில் வரும் காற்றின் வேகத்தால் ஓடும் மெஷின். இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். பாறையை அது குடைந்துகொண்டு போகும். சுரங்கத்தை மேற்பார்க்கும் கேப்டன் துரை எங்கள் லைனிலேயே முதல் ஆளாக மாமாவைத்தான் அதற்கு எடுத்தார். அன்று அம்மா பாயசம் வைத்தாள். மாமா வேலை முடிந்து வந்தால் வெகுநேரம் காது கேட்காது. நாங்கள் கத்திப் பேசுவோம், அவரும் கத்திப் பதில் சொல்வார். எங்கள் வீட்டில் மெஷின்காரர் இருக்கிறார் என்பது தெருக்கோடி வரை கேட்டது. எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

அடுத்த மழைக்காலத்துக்குள் மாமாவின் அடி குறைந்துவிட்டது.

முதலில் பந்து கூரையைத் தாண்டவில்லை. பிறகு கூரைக்கே போகவில்லை. ஒருநாள் பந்து போன வழியே போக, மட்டை பறந்துபோய் வேலியில் விழுந்தது. லைன் முழுக்க அதே பேச்சு. எதிர்லைன்காரன் பந்து போடும் வித்தையைக் கற்றுக்கொண்டான் என்றார் அப்பா. மெஷின் வந்த திமிர் என்றார்கள் அண்டை வீட்டார். அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை.

"ஊரு கண்ணு பூரா அவன் மேலதான் கீது. அப்பறம் எப்பிடி அடிப்பான்?"

உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மாமாவுக்கு ஒரு தடவை; மட்டைக்கு ஒரு தடவை. மட்டையைச் சுவரில் சாய்த்துவைத்து அதற்குச் சாம்பிராணி காட்டியதை நான் வேறெந்த வீட்டிலும் பார்த்ததில்லை.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் விடுமுறையில் நந்திதுர்க் சுரங்கத்து லைன்காரர்களோடு ஆட்டம். எங்கள் லைனில் சாமி கும்பிடும் கோயிலார், சிலுவை கும்பிடும் குருசடியார் இரண்டு தரப்பும் சேர்ந்து ஆடுவது அந்த ஒருநாள்தான். மாமா அன்றும் சொதப்பினால் மட்டையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவது என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். மாமாவிடம் நேராகவே சொல்லியும் விட்டார்கள். அவர் அன்று சாப்பிடவில்லை.

ஆட்டத்தன்று காலையில் நல்ல குளிர். மாமா முகம் கழுவ நான்தான் செம்பில் தண்ணீர் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற அவர் விரல்கள் வெளுத்தன. நுனியிலிருந்து நடுக்கணு வரைக்கும் மெழுகுவத்தி நிறம். எனக்கு ஒரே சந்தோஷம்.

"மாமா, நீ துரை ஆயிக்கினு வர்ற."

அவர் சிரித்தார். நான் உள்ளே ஓடி, மாமா வெள்ளைக்காரராக மாறுகிறார், முதலில் விரல் மாறியிருக்கிறது, பிறகு நாமெல்லாம் பங்களாவுக்குப் போகலாம் என்று சொன்னேன். அம்மா சிரித்தாள். அப்பா புரையேறும் அளவுக்குச் சிரித்தார். எழுந்து வந்து பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. வெளியே மாமா இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார்.

எங்கள் பக்கம் ஆட்டம் கவிழ்ந்துகொண்டிருந்தபோது மாமாவின் முறை வந்தது. அவர் உடனே இறங்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். மடியிலிருந்து அம்மாவின் பழைய மஞ்சள் சேலைக் கிழிசலை எடுத்தார்.

"கையையும் மட்டையையும் சேத்து வச்சி கட்டு பாப்பா. இறுக்கமா."

நான் கட்டினேன். இன்னும் இன்னும் என்றார். பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டேன். மாமா திரும்பியதும் மஞ்சள் துணியைப் பார்த்த கூட்டம் ஏதோ வேண்டுதல் என்று எண்ணிக்கொண்டது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அந்த ஆட்டத்தை இன்றைக்கும் என்னால் சாதாரணக் குரலில் சொல்ல முடியாது. மட்டை கையிலிருந்து நழுவ வழியில்லாமல் போனதும் மாமா பழைய மாமா ஆகிவிட்டார். தோளிலிருந்து வந்தது அடி. நந்திதுர்க் லைன்காரன் எப்படிப் போட்டாலும் பந்து தலைக்கு மேலேயே போயிற்று. பந்து பொறுக்க ஓடியவர்கள் ஒரு கட்டத்தில் ஓடுவதை நிறுத்திவிட்டு இடுப்பில் கைவைத்து வேடிக்கை பார்த்தார்கள். எங்கள் லைன் ஜெயித்தது. மாமாவைத் தூக்கிக்கொண்டு ஆண்டர்சன்பேட்டை கடைத்தெரு வரைக்கும் போனார்கள். மட்டை அவர் கையோடு ஆடிக்கொண்டே போனது. அப்படி ஓர் ஆட்டத்தை ஆட அவரால் மட்டும்தான் முடியும். மறுபடி அவர் ஆடவில்லை.

மெஷினின் உதறல் கைக்குள் ஏறினால் ரத்தம் ஓடாமல் விரல் வெளுக்கும், மெல்ல மெல்ல உணர்ச்சி செத்துப்போகும் என்பதெல்லாம் நான் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டது. மாமாவுக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். சொன்னால் மெஷினும் போகும், பேரும் போகும் என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் கட்டை அவிழ்க்கச் சொன்னார். முடிச்சு இறுகிக் கிடந்தது. அம்மா அரிவாள்மணையில் வைத்து அறுத்தாள். துணி தோலை அறுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது, உள்புறமெல்லாம் ரத்தம். இறுக்கிக் கட்டியது நான் அல்லவா, அழுதுவிட்டேன்.

"வலிக்குதா மாமா?"

"இல்லியே பாப்பா. ஒண்ணுமே தெரியல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். எங்கள் மாமாவுக்கு ரத்தம் வந்தாலும் வலிக்காது என்று அன்று சாயங்காலம் லைனில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்தேன்.