ரெண்டு விரல் இடைவெளி

என் அத்தானைத் தொழிலில் ‘ரெண்டு விரல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கார் வந்து நின்றால் முதல் வேலையாகச் சக்கரத்துக்கும் அதன் மேலிருக்கும் மட்கார்டு வளைவுக்கும் நடுவில் வலது கை விரல்கள் இரண்டைப் படுக்கவைத்துச் செருகிப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் டேப்பை எடுப்பார். டேப் பெரும்பாலும் விரலுக்கு ஆமாம் போடும். முப்பது வருஷமாக அவருக்கு ஒரே வேலை, கார்களுக்கு ஸ்பிரிங் பார்த்து மாட்டுவது. அவருடைய பட்டறைக்கும் என் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கும் நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு ஜன்னல். அவர் தும்மினால்கூட எனக்குத் தெரியும்.

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள்தான் அவரைத் தேடி வருவார்கள். கம்பெனி மாட்டி அனுப்பிய ஸ்பிரிங் அவர்களுக்குப் பிடிக்காது. வண்டி தரையோடு பதுங்க வேண்டும், வளைவில் சாயக்கூடாது. அதற்குக் குட்டையான, விறைப்பான ஸ்பிரிங் வெளியில் விற்கிறது. ஒன்றா இரண்டா, ஐம்பது வகை இருக்கும். எதை வாங்குவதென்று குழம்பி வருபவரிடம் அத்தான் மூன்றே கேள்வி கேட்பார். பக்கத்து சீட்டில் யார் உட்காருவார்கள்? தினமும் போகிற ரோடு எது? உங்களுக்கு இடுப்பு வலி உண்டா? டாக்டரிடம் வந்துவிட்டோமோ என்று சிலர் முழிப்பார்கள். ஒருமுறை ஒருவர் இருப்பதிலேயே குட்டையானதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பக்கத்தில் யார் உட்காருவது என்று கேட்டதற்கு, "எங்கம்மா, வாரா வாரம் ஆஸ்பத்திரிக்கு" என்றார். "அப்ப உங்களுக்கு ஸ்பிரிங்கே வேணாம், டயர்ல காத்தை மட்டும் சரியா வையுங்க" என்று அனுப்பிவிட்டார் இந்த மனுஷன். கையில் எடுத்து வைத்த சரக்கை நான் திரும்ப அலமாரியில் ஏற்றினேன். ஜன்னல் வழியாகத் திட்டியதற்குச் சிரித்தார்.

அப்போதெல்லாம் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். சிக்னலில் பக்கத்தில் நிற்கும் அறிமுகமில்லாத ஆளிடம் கண்ணாடியை இறக்கச் சொல்லி, "உங்க வண்டி இடது பக்கம் தொங்குது சார்" என்பார். அந்த வாயை அடைத்தது அவர் பெற்ற பிள்ளை.

அக்காவுக்கு ஒரே மகன். கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலை. அவனுக்குப் பெண் முடிவாகி, நாங்கள் நாலு பேரும் முதல்முறையாகப் பெண் வீட்டுக்குப் போனோம். எல்லோரும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டோம், அத்தானை மட்டும் காணோம். கொஞ்ச நேரம் கழித்துக் கையெல்லாம் கறுப்பாக உள்ளே வந்தார். "சம்பந்தி, உங்க வண்டியில பின்னாடி ஸ்பிரிங் உடைஞ்சிருக்கு. பூரா குடும்பத்தையும் ஏத்திக்கிட்டு எங்கயும் போயிடாதீங்க" என்று நடுக்கூடத்தில் நின்று சொன்னார். அந்த வீட்டில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண்ணின் அப்பா நன்றிகூடச் சொன்னார். ஆனால் வெளியே வந்ததும் பையன் முகம் சிவந்துபோய்ச் சொன்னான்:

"அப்பா, இனிமே கேக்காம யாருக்கும் எதுவும் சொல்லாதீங்க. கேட்டா மட்டும் பேசுங்க. எனக்கு மானம் போகுது."

"சரிப்பா" என்றார் அத்தான்.

ஏதோ ஆத்திரத்தில் சொன்னது, பத்து நாளில் மறந்துவிடும் என்று நினைத்தேன். அத்தான் மறக்கவில்லை. அன்றிலிருந்து தொழிலிலும் சரி, வீட்டிலும் சரி, கேட்டதற்கு மட்டும்தான் பதில். மூன்று கேள்வியைக் கேட்பார், எது வேண்டுமென்று வந்தவர் அவரைக் கேட்டால் சொல்வார். கேட்காதவருக்குக் கொண்டுவந்ததை மாட்டிவிட்டு அனுப்புவார். கல்யாணத்தில் சம்பந்தியின் பக்கத்தில் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். பையனுக்கு அது நிம்மதியாக இருந்தது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

கல்யாணமாகி மூன்றாவது வருஷம் பையன் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய வண்டிதான், இரண்டே சீட்டு, சாம்பல் நிறம், பார்க்க லட்சணமாக இருந்தது. அத்தான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். நாலு சக்கரத்திலும் விரலை விட்டுப் பார்த்தார். மருமகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, சாவியைக் கொடுத்துவிட்டு நின்றார். பையன் ஏதாவது கேட்பான் என்றுதான் நின்றார் என்பது எனக்குப் புரிந்தது, அக்காவுக்குப் புரிந்தது. அவன் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே அத்தான் என் கல்லா முன்னால் நின்றார்.

"மச்சான், அந்த வண்டியில ரெண்டு மாடல் உண்டு. இவனோடது சின்ன இன்ஜின், மூக்கு லேசு. அதுக்குத் தகுந்த மாதிரி ஒரு இஞ்ச் மட்டும் இறங்குற ஸ்பிரிங் நாலு வரவழை. ரொம்ப விறைப்பு வேணாம். அந்தப் பொண்ணு மெல்லிசு, தூக்கிப் போடும்."

"அவன் கேட்டானா?"

"கேப்பான்."

ஸ்பிரிங் நாலும் வந்து சேர்ந்தன. பழைய வேட்டித் துணியில் சுற்றி என் கடைப் பரணில் போட்டு வைத்தார். கொண்டுபோய்க் கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்றேன். "கேக்கட்டும்" என்றார். இப்படியே ஒரு மாதம் போயிற்று. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் தலை வாசலுக்குத் திரும்பும். அறுபதை நெருங்கும் மனுஷன் இப்படிக் காத்துக் கிடக்கலாமா என்று எனக்கு அவர்மேலேயே கோபம் வந்தது.

ஒரு விடுமுறை நாள் பையன் வந்தான். கார் டிக்கியில் ஒரு பெட்டி. முகம் தெரியாத நாலு பேரிடம் செல்போனில் கேட்டு, அவர்கள் சொன்னபடி அவனாகவே ஸ்பிரிங் வரவழைத்திருந்தான்.

"அப்பா, இதை மாட்டிக் குடுங்க."

அத்தான் ஒன்றை எடுத்துச் சுருளில் அச்சடித்திருந்த எண்ணைப் படித்தார். நானும் ஜன்னல் வழியாகப் படித்தேன். அது பெரிய இன்ஜின் மாடலுக்கானது. கனமான மூக்கைத் தாங்கச் செய்தது. இவனுடைய லேசான மூக்கின் கீழ் வைத்தால் அழுந்தவே அழுந்தாது. அத்தான் அதைக் கையில் பிடித்தபடி மகனைப் பார்த்தார். அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊர் பேர் தெரியாதவனிடமும் கேட்கும் மூன்று கேள்வியை அவர் அவனிடமும் கேட்டார்.

"பக்கத்துல யாருப்பா உக்காருவா? எந்த ரோட்டுல போவே? இடுப்பு கிடுப்பு வலிக்குதா?"

"எல்லாம் பாத்துத்தான்ப்பா வாங்கியிருக்கேன். நீங்க மாட்டுங்க, போதும்."

மாட்டினார். அவர் வேலையில் ஒருநாளும் குறை இருக்காது. ஒவ்வொரு நட்டையும் முறுக்கி முடித்து, அதன்மேல் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுப்பார். நட்டு இளகினால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். அன்றைக்கும் ஒரு நட்டு விடாமல் இழுத்தார். வண்டியைத் தூக்கியிருந்த லிஃப்டை இறக்கினால், அது பின்னால் குந்திக்கொண்டு மூக்கைத் தூக்கி வானம் பார்த்தது. முன்னால் நாலு விரல் போகும், பின்னால் ஒரு விரல் போகாது.

"என்ன இப்படி நிக்குது?" என்றான் பையன். அத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் அவன் படமெடுத்துச் செல்போனில் அனுப்பிவிட்டான். அவன் கேட்டது அதனிடம்தான். பதில் வந்தது. "ஓ, கொஞ்ச நாள் ஓடினா தானா இறங்குமாம்" என்று அவனே சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

நான் பட்டறைக்குள் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"தெரிஞ்சே தப்பான சாமானை மாட்டுவீங்களா? நீங்கல்லாம் ஒரு தொழில்காரரா?"

"உயிருக்கு ஒண்ணும் ஆபத்து இல்லை மச்சான், பாத்துட்டேன். இடுப்புக்குத்தான்."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"கேக்கலையே."

"உங்களுக்கு வீம்பு அத்தான்."

"இருக்கட்டும். தூக்கிப் போடும்போது வருவான். வந்து கேப்பான்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீயா எதுவும் சொல்லிடாதே. கேட்டா மட்டும் சொல்லு."

இந்தப் பாழாய்ப்போன சத்தியத்துக்கு நானும் தலையாட்டினேன். இன்றுவரை என்மேலேயே எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

வண்டி தானாக இறங்கவில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் உள்ளே இருப்பவர் தலை கூரையில் இடித்தது. மருமகள் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு வேலைக்குப் பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். அக்காவிடம், "அத்தை, அந்த வண்டியில உக்கார்ந்தா அடி வாங்குற மாதிரி இருக்கு" என்றாளாம். அக்கா அதை அத்தானிடம் சொன்னாள். அவர் அன்று பரணில் ஏறித் துணியைப் பிரித்து, ஸ்பிரிங்குக்கு எண்ணெய் தடவித் திரும்பச் சுற்றி வைத்தார். இன்றோ நாளையோ பையன் வந்துவிடுவான் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

வந்தது பையன் இல்லை, சோடாபுட்டி மூக்குக்கண்ணாடி போட்ட, நாங்கள் கண்ணாடிக்காரன் என்று கூப்பிடும் ஆள். முன்பு அத்தானோடு பத்து வருஷம் வேலை பார்த்து, இப்போது பைபாஸ் பக்கம் தனியாகக் கடை வைத்திருப்பவன். எங்கள் பையன் பட்டறைப் பக்கமே தலைகாட்டாதவன் என்பதால் இரண்டு பேருக்கும் முகப்பழக்கம் கிடையாது. ஒரு மதியம் என் கல்லாவில் வந்து சாய்ந்து, அதே காரின் பெயரைச் சொல்லி, சின்ன இன்ஜினுக்கு ஸ்பிரிங் இருக்கிறதா என்றான். அத்தான் அப்போது என் கடைக்குள்தான், பின்பக்க அலமாரியில் ஏதோ ரப்பர் புஷ் தேடிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரனுக்கு அது தெரியாது.

"அண்ணே, ஒரு கூத்து கேளுங்க. பெரிய இன்ஜின் ஸ்பிரிங்கைக் கொண்டாந்து சின்ன வண்டியில மாட்டியிருக்கான். சரி, எவனோ அரைகுறைன்னு பாத்தா, நட்டுக்கு நட்டு மஞ்சக் கோடு! நம்ம ரெண்டு விரல் அண்ணன் வேலை மாதிரியே இருக்கு. அவர் இதைச் செய்யமாட்டாரேன்னு, வண்டிக்காரர்கிட்ட யார் மாட்டினதுன்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"யாரோ ஒரு பழைய ஆளுன்னார். சாமானைக் குடுத்தா மாட்டத்தான் தெரியும், எது சேரும் எது சேராதுன்னு சுட்டுப்போட்டாலும் தெரியாதுன்னார்."

அலமாரிக்குப் பின்னால் ஒரு டப்பா கீழே விழுந்தது. அத்தான் வெளியே வரவில்லை. ஏணியை எடுத்து வைத்துப் பரணில் ஏறும் சத்தம் மட்டும் கேட்டது. இறங்கி வந்து, வேட்டித் துணி மூட்டையைக் கல்லாமேல் வைத்தார். கண்ணாடிக்காரன் முகத்தில் ரத்தமில்லை.

"அண்ணே, நீங்க... சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே."

"பரவாயில்லை. இதை மாட்டு, சரியா இருக்கும். யார் குடுத்ததுன்னு கேட்டா சொல்லு. கேக்கலைன்னா சொல்லாதே."

அடுத்த வாரம் பையன் என் கடைக்கு வைப்பர் பிளேடு வாங்க வந்தான். வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தேன். பதுங்கி, நேராக, அழகாக நின்றது. பக்கத்து சீட்டில் மருமகளின் கைப்பை கிடந்தது. அவன் வாயெல்லாம் பல்.

"மாமா, பைபாஸ்ல ஒரு கண்ணாடிக்காரர் இருக்கார், கில்லாடி. பாத்தவுடனே எது சேரும்னு கண்டுபிடிச்சு மாட்டிட்டார். இங்கயும் ஒருத்தர் முப்பது வருஷமா இருக்காரே..."

"அந்த ஸ்பிரிங் எங்க கிடைச்சுதுன்னு கேட்டியாடா?"

"எதுக்கு மாமா? வண்டி சரியாயிடுச்சு, போதும்."

உள்ளூர் மாடு விலைபோகாது என்று தெரியாமலா சொன்னார்கள். என் நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் மட்டும் சொல் என்று பிடித்த கை ஞாபகம் வந்து விழுங்கினேன். பில்லை எழுதிவிட்டு நிமிர்ந்தால், அத்தான் பட்டறையிலிருந்து வெளியே வந்து காரின் பக்கத்தில் குத்தவைத்திருந்தார். முன் சக்கரத்தின் மேல் இரண்டு விரலைச் செருகினார். சரியாகப் போயிற்று. பின்னால் நகர்ந்து அங்கேயும் செருகினார். அதுவும் சரியாகப் போயிற்று. கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு சந்தோஷம்.

பையனும் பார்த்துவிட்டான். "அப்பா! அழுக்குக் கையை எடுங்க, நேத்துத்தான் பாலிஷ் போட்டேன்" என்று இங்கிருந்தே கத்தினான்.

அத்தான் கையை எடுத்தார். மட்கார்டில் விரல் பட்ட இடம் கறுப்பாகத் தெரிந்தது. சட்டை நுனியை இழுத்து அதைத் துடைத்தார்.

"சரிப்பா" என்றார்.