குனிந்தே ஆடிய சென்டர்

போன வாரம் தீபாவளிச் சட்டைக்கு அளவு கொடுக்கப் போயிருந்தேன். டேப்பைத் தோளில் வைத்த தையல்காரர், "கொஞ்சம் நிமிருங்க சார்" என்றார். நிமிர்ந்தேன். "இன்னும் கொஞ்சம்..." என்றார். அதற்கு மேல் என் முதுகு வரவில்லை.

இந்த முதுகை வைத்துக்கொண்டு நான் கல்லூரியில் கூடைப்பந்து ஆடினேன் — அதுவும் சென்டராக — என்றால் நம்புவீர்களா? சென்டர் என்றால் கூடைக்கு அடியில் நின்று, இரண்டு கையையும் உயர்த்தி, வருகிற பந்தையெல்லாம் பறிக்க வேண்டியவன். குழுவிலேயே உயரமானவனுக்குத்தான் அந்த இடம்.

மலேசியாவின் கேமரன் மலையில், எங்கள் தேயிலைத் தோட்டத்தில், உயரமாக இருப்பது அவ்வளவு நல்லதில்லை. தோட்டத்து மேனேஜரான துரையின் ஜீப் வந்தால் சைக்கிளில் போகிறவர் இறங்கிவிட வேண்டும். குடை பிடித்தவர் மடக்கிவிட வேண்டும் — மழை பெய்தாலும்தான். எல்லோரும் ஓரமாக ஒதுங்கித் தலை குனிய வேண்டும். நான் சாதாரணமாகக் குனிந்தால் குனிந்த மாதிரியே தெரியாது. அதனால் அப்பா என் பிடரியில் கை வைத்து இன்னும் கொஞ்சம் அழுத்துவார்.

எழுபதுகளில், பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் முடிக்கும் வரை மலை மேலிருந்த பள்ளிக்கு ஆடினேன். எங்கள் டீமுக்குக் காலில் போடும் சப்பாத்து, மேலே போடும் ஜெர்சி எல்லாம் துரையின் உபயம். பிறகு ஈப்போவில் ஒரு கல்லூரி என் உயரத்தைப் பார்த்துக் கூப்பிட்டது. போய்விட்டேன். அங்கே மற்ற ஆட்டக்காரர்கள் எல்லாம் சீனர்கள். எனக்கு 'தியாங்' என்று பெயர் வைத்தார்கள். மலாயில் கம்பம் என்று அர்த்தம். கோச் லிம் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. எந்தக் கம்பம் இப்படி வளைந்து நிற்கும் என்று கேட்டார்.

முதல் வருஷம் பெரும்பாலும் பெஞ்ச்தான். "தெகாக்! தெகாக்!" — நிமிர்ந்து நில், நிமிர்ந்து நில் — என்று மனுஷர் கத்திக் கத்தியே என்னை ஒரு சென்டராக்கினார். பேராக் மாநிலம் முழுக்கப் போய் ஆடினோம். யார் முன்னாலும் நிமிர்ந்து ஆடினேன்.

அப்போதுதான் வந்தது அந்த மேட்ச். மலை மேல். என் பழைய பள்ளியோடு. பரிசு கொடுப்பவர் யார்? எங்கள் துரை!

மேட்சுக்கு முதல் நாள் வீட்டுக்குப் போனபோது அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தேயிலை அரைக்கும் மெஷினில் வேலை. துரைக்குக் கீழே கணக்கு எழுதும் ஆபீஸ் கிராணி கூப்பிட்டு மிரட்டியிருக்கிறார்.

"துரை குடுத்த சப்பாத்துல ஆட்டம் கத்துக்கிட்டு, துரை டீமையே அடிக்க வர்றானா உன் மவன்னு கேக்குறாருடா. வீட்டக் காலி பண்ணுன்னு ஒரு வார்த்த சொன்னா நாம எங்கடா போறது? உங்கம்மாவ, தங்கச்சிய எங்க கொண்டுபோய் வெப்பேன்?"

"ஆடாம இருந்துடவாப்பா?"

"ஆடு. ஜெயிச்சிடாத."

கோர்ட், மலைச்சரிவை வெட்டிப் போட்டது. ஒரு பக்கம் மண்மேடு, ஒரு பக்கம் கால்வாய். நாற்காலி போட இடம் ஒரு கூடைக்குப் பின்னால்தான் இருந்தது. அங்கே துரை கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் பாதியில் நான் காக்க வேண்டியது அந்தக் கூடையை.

துரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதா? பந்து மேலே வரும்போதெல்லாம் என் தலை கீழே போனது. குள்ளமான ஆட்கள்கூட என் தலைக்கு மேல் கையை நீட்டிப் பந்தைப் பிடுங்கினார்கள். இடைவேளையில் கோச், இடுப்பு வலியா என்று கேட்டார். என்ன சொல்வது... துரை வலி என்றா?

இரண்டாவது பாதியில் பக்கம் மாறியது. இப்போது நான் பந்து போட வேண்டிய கூடைக்குப் பின்னால் துரை. நேருக்கு நேர். மண்மேட்டில் அப்பா நின்றிருந்தார். குளிருக்குச் சுற்றியிருந்த மப்ளரை மரியாதைக்காக அவிழ்த்து அக்குளில் இடுக்கியிருந்தார். என் கைக்குப் பந்து வந்தபோதெல்லாம் வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

ஆட்டம் முடியப் போகிறது. நாங்கள் ஒரே ஒரு பாயிண்ட் பின்னால். பந்து என்னிடம் வந்தது. என்னை மறித்து நின்றவன் பாலன், எங்கள் லயத்துக்காரன், ஒரே வரிசை வீடு.

"துரை பாக்குறாருடா. உட்டுரு லா..." என்றான். கேலி இல்லை. அவனுடைய அப்பாவும் அதே மெஷினில்தான் வேலை செய்தார்.

அப்போது பனி இறங்கியது. கேமரனில் அது சொல்லிக்கொண்டு வராது. மண்மேடு மறைந்தது. அப்பா மறைந்தார். நாற்காலி மறைந்தது, துரையும் மறைந்தார். தலைக்கு மேல் வளையம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. என் முதுகு தானாக நிமிர்ந்தது. பந்தைப் போட்டேன். வளையத்துக்குள் விழுந்தது, விசில் ஊதிவிட்டார்கள், ஜெயித்துவிட்டோம். துரை என்னைப் பார்க்கவில்லை என்கிற தைரியமா, நான் அவரைப் பார்க்கவில்லை என்கிற தைரியமா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பனி விலகியதும் பயம் திரும்பி வந்துவிட்டது. குனிந்துகொண்டே கோப்பை வாங்கப் போனேன். துரை கை குலுக்கினார். தன் தோட்டத் தமிழில் கேட்டார்:

"நல்லா ஆடினே. நீ எந்த ஊர்?"

தூக்கிவாரிப் போட்டது. பிறந்ததிலிருந்து இந்த ஆளுக்குத்தானே குனிந்திருக்கிறேன்!

"நம்ம தோட்டம்தான் துரை. மெஷின் மாணிக்கம் மகன்."

"அப்படியா? தெரியாதே!" என்றவர், அடுத்தவனுக்குக் கை கொடுக்கத் திரும்பிவிட்டார்.

ஆக, அந்த மிரட்டல் முழுக்கக் கிராணியின் சொந்தச் சரக்கு. நாம் யாருக்கு நடுங்குகிறோமோ அவருக்குப் பாதி நேரம் நம்மைத் தெரிவதே இல்லை. நடுவில் நிற்கிறவர்தான் நம்மை நடுங்க வைத்துக்கொண்டே இருக்கிறார்.

மண்மேட்டுக்கு ஓடினேன். "அப்பா, துரைக்கு ஒன்னும் கோவமில்லப்பா. நாம யாருன்னே அவருக்குத் தெரியாதுப்பா!"

"தெரியாதா?" அப்பாவின் முகத்தில் முதல் தடவையாக ஒரு வெளிச்சம்.

"ஆமாப்பா! நான்தான் சொன்னேன், மெஷின் மாணிக்கம் மவன்னு."

அப்பா அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"அடப்பாவி... பேரையுமாடா சொன்ன?"